பூட்டியே வைப்பதா, பார்சல் மட்டுமா, பாதி இருக்கையா? 40 பேர் உட்காரும் மெஸ்ஸின் ஊரடங்குக் கணக்கு

கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஜூன் 8 முதல் ஓட்டல்களில் மறுபடியும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று தமிழ்நாடு அரசு அனுமதித்தது. பாதி இருக்கை மட்டும், ஏசி போடக்கூடாது, இரவு 8 மணிக்குள் மூடிவிட வேண்டும் என்பவை நிபந்தனைகள். சின்ன மெஸ் நடத்துகிறவர்கள் முன்னால் அன்று மூன்று வழிகள் இருந்தன. நிலைமை தெளியும்வரை கதவைத் திறக்காமல் இருக்கலாம். மார்ச்சிலிருந்து ஓடிக்கொண்டிருந்த பார்சலோடு நிற்கலாம். அல்லது நாற்காலிகளைத் தள்ளிப் போட்டுப் பந்தியைத் தொடங்கலாம்.

“பாதி வியாபாரம் வந்தாலும் போதும்” என்று மூன்றாவது வழிக்குப் போனவர்கள் உண்டு. அந்த ஒற்றை வரியில்தான் தப்பு ஒளிந்திருக்கிறது. பாதி இருக்கை போட்டால் பாதி வியாபாரம் வந்துவிடாது. செலவும் பாதியாகக் குறையாது.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். சிறுநகரம் ஒன்றில் 40 இருக்கை, வாடகை மாதம் 30,000 ரூபாய். சாப்பிட வருகிறவர் சராசரியாக 70 ரூபாய் தருகிறார். அரிசி, பருப்பு, காய், எண்ணெய், கேஸ் எல்லாம் சேர்ந்து அதில் பாதியை எடுத்துக்கொள்ளும். கையில் நிற்பது 35. ஜிஎஸ்டியை இதில் சேர்க்கவில்லை. உங்கள் கடை எண்கள் வேறாக இருக்கும். அவற்றைப் போட்டு இதே முறையில் கணக்கிடுங்கள்.

பூட்டி வைத்தாலும் செலவு நிற்பதில்லை

வாடகை நாளுக்கு 1,000. சரக்கு மாஸ்டர் (தலைமைச் சமையல்காரர்) வேறு கடைக்குப் போகாமல் இருக்கக் கைச்செலவுக்கு 500. கரண்ட் நிலைக்கட்டணம், கடன் வட்டி என்று 200. ஆக, கதவு திறக்காத நாளிலும் 1,700 ரூபாய் போகிறது. மாஸ்டருக்குக் கொடுப்பதை மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். சமையல் ஆட்கள் பலர் சொந்த மாநிலங்களுக்கு ரயில் ஏறிவிட்ட அந்த மே, ஜூன் மாதங்களில், கை பழகிய மாஸ்டரைத் தவறவிட்டவர்கள் திறக்கும்போது அதைவிடப் பெரிய தொகையை அட்வான்ஸாகக் கொடுக்க வேண்டிவரும்.

வங்கித் தவணையை மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தள்ளிப்போட ரிசர்வ் வங்கி வழி செய்தது. தவணை தள்ளிப்போனதே தவிர வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. 12 சதவீத வட்டியில் 5 லட்சம் பாக்கி என்றால் ஆறு மாதத்தில் சுமார் 30,000 ரூபாய் கூடிவிடும். கட்டாமல் விட்டதை இலவசம் என்று எண்ணி, பூட்டி வைப்பதற்குச் செலவே இல்லை என்று முடிவெடுத்துவிடக் கூடாது.

இருந்தும், பூட்டி வைப்பதே சரியான கடைகள் உண்டு. கல்லூரி வாசல் மெஸ், சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலை ஐடி கம்பெனிகளை நம்பிய கடை, பேருந்து நிலைய வாசல் ஓட்டல் ஆகியவற்றின் வாடிக்கையாளர்கள் அப்போது அந்தப் பகுதியிலேயே இல்லை. அங்கே பார்சல் போர்டு வைத்தும் பயனில்லை. இவர்கள் உழைக்க வேண்டிய இடம் கட்டட உரிமையாளரின் வீடு. வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்வதைவிட, கடை மூடியிருக்கும் மாதங்களுக்குப் பாதி வாடகை என்று பேசி எழுதி வாங்குவது நல்லது. அட்வான்ஸ் கரைந்துபோன கடைக்காரர், அடுத்த முறை பேச உட்காரும்போது பலமில்லாமல் உட்காருவார்.

பார்சல்: 80, 138 என்ற இரண்டு எண்கள்

பார்சல் மட்டும் என்றால் நான்கு பேர் போதும். சம்பளம் 2,700, வாடகை 1,000, கரண்டும் மற்றவையும் 300, மொத்தம் 4,000. பொட்டலம் கட்ட ஒன்றுக்கு 6 ரூபாய் போனால் கையில் நிற்பது 29. நாளுக்கு 138 பார்சல் போனால் கைநஷ்டம் இல்லை. ஆனால் திறக்கலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிற எண் 138 அல்ல. பூட்டி வைத்தாலே 1,700 போகிறது என்பதால், திறப்பதற்காகக் கூடுதலாகப் போகும் 2,300-ஐ எடுத்தால் போதும். அதற்கு 80 பார்சல். எண்பதைத் தாண்டினால், நஷ்டத்தில் ஓடினாலும் பூட்டி வைப்பதைவிடத் திறந்திருப்பதே மேல். தினமும் 90 பார்சல் போகும் கடையை “கட்டுப்படியாகவில்லை” என்று சாத்துகிறவர் தன் நஷ்டத்தைத் தானே கூட்டிக்கொள்கிறார்.

ஸ்விக்கி, சொமேட்டோ வழியாகப் போகும் பார்சலுக்கு இந்த எண்கள் பொருந்தாது. கமிஷன் 22 சதவீதம் என்று வைத்தால் 70 ரூபாயில் 15.40 போகும். அந்தக் கமிஷன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2.77. உணவுக்கு 5 சதவீத வரி கட்டும் ஓட்டல்கள் அதைத் திரும்ப எடுக்க முடியாது. 29 ரூபாய் 11 ஆகச் சுருங்கிவிடுகிறது. கல்லாவில் 80 பார்சல் தருவதை ஆப் தர வேண்டுமானால் 210 ஆர்டருக்கு மேல் வேண்டும். ஆப்பை ஒதுக்கச் சொல்லவில்லை. தெருவில் நடமாட்டம் இல்லாத நாளில் புது வாடிக்கையாளரைக் கொண்டுவருவது அதுதான். ஆனால் ஒவ்வொரு பொட்டலத்திலும் கடையின் போன் எண்ணும் மறுநாள் மெனுவும் அச்சடித்த சின்னச் சீட்டு போக வேண்டும். அடுத்த முறை நேரே கூப்பிடுகிற ஒவ்வொருவரும் 18 ரூபாய் மிச்சம்.

பார்சலுக்கு ஏற்ற மெனு வேறு. பூரி பத்து நிமிடத்தில் தொய்ந்துவிடும். தோசை ஆவியில் ஊறித் தோலாகும். இட்லி, எலுமிச்சை சாதம், புளிசாதம், சப்பாத்தி குருமா ஆகியவை தாங்கும். வெண்பொங்கலை வழக்கத்தைவிடத் தளர்வாக இறக்க வேண்டும். வீடு போய்ச் சேர்வதற்குள் இறுகிவிடும். தயிர்சாதத்தில் பாலைக் கூட்டித் தயிரைக் குறைத்துப் பிசைந்தால் மதியம்வரை புளிக்காது. முதலில் கெடுவது தேங்காய்ச் சட்னி. அதை அரைமணிக்கு ஒருமுறை கொஞ்சமாக அரைத்துக் கட்டுங்கள், இல்லையேல் காரச் சட்னிக்கு மாறிவிடுங்கள். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் சாம்பாரைப் பழைய மெல்லிய கவரில் கட்ட வழியில்லை. வெள்ளிக் காகிதக் கவரில் வாய் வரை ஊற்றினால் மடிப்பில் கசியும். முக்கால் அளவு ஊற்றி, காற்றை அழுத்தி வெளியேற்றி, இரண்டு மடிப்பு மடித்துக் கட்டினால் நிற்கும். சாம்பார் ஒழுகிய ஒரு பொட்டலம், வீட்டுக்குக் கொண்டுபோனவரை மறுபடி வரவிடாது.

பாதி இருக்கை: கேட்க வேண்டியது 63

பந்தி போட்டால் ஆட்கள் ஏழு; சம்பளம் 4,500. வாடகை 1,000, கரண்ட் 400, கைகழுவும் திரவம், கிருமிநாசினி, முகக்கவசம் 300. மொத்தம் 6,200. பார்சலைவிட 2,200 கூடுதல். அந்த 2,200-ஐ எடுக்க, 35 ரூபாய் வீதம் 63 பேர் புதிதாக வந்து உட்கார வேண்டும். புதிதாக என்பதுதான் முக்கியம். பார்சல் வாங்கிப் போயிருக்க வேண்டியவரே உள்ளே உட்கார்ந்தால் கடைக்குக் கூடுவது பொட்டலக் கூலி 6 ரூபாய் மட்டும். நூறு பேர் உட்கார்ந்து சாப்பிட்டு, அதில் ஐம்பது பேர் பழைய பார்சல்காரர்கள் என்றால் வரவு 1,750 + 300 = 2,050. ஹால் நிறைந்து தெரியும், கல்லாவில் 150 ரூபாய் குறையும்.

அந்த 63 பேருக்கு இடமாவது உண்டா? 20 இருக்கை, ஒரு பந்திக்கு 20 நிமிடம், துடைத்து மறுபடி இலை போட 10 நிமிடம். பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை நான்கு பந்தி, ஏட்டில் 80 பேர். ஆனால் தனியாக வருகிறவர் பக்கத்தில் தெரியாத ஒருவர் உட்காரத் தயங்கிய காலம் அது. ஐம்பது பேரைத் தாண்டுவதே கடினம். மீதியைக் காலை டிபனில் எடுக்க வேண்டும். இரவு 8 மணிக்குக் கதவைச் சாத்த வேண்டியிருந்ததால் இரவுச் சாப்பாடு கைகொடுக்காது.

துடைப்பதிலும் தப்பு நடந்தது. கடைகளில் கிடைக்கும் 5 சதவீத ஹைப்போகுளோரைட் (பிளீச்) கரைசலில் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் சேர்த்தால் 1 சதவீதம் வரும், அது தரைக்கு. எவர்சில்வர் மேசையில் அதையே ஊற்றிக் காயவிட்டால் புள்ளி புள்ளியாக அரிக்கும். மேசைக்குச் சோப்புத் தண்ணீர் போதும். கழிவறை ஆசிட்டோடு ஹைப்போகுளோரைட்டைக் கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி, துடைக்கிறவரின் நெஞ்சைத்தான் முதலில் தாக்கும். இருபது பேருக்குப் பாதுகாப்பு என்று செய்கிற வேலையில் ஒரு தொழிலாளி மூச்சடைத்து விழ நேரக்கூடாது.

மறுபடி மூடச் சொன்னால்?

இதுதான் மூன்று வழிகளையும் பிரிக்கிற கேள்வி. ஜூன் 8 அன்று திறந்த சென்னை, செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம் பகுதிகளில் ஜூன் 19 முதல் முழு ஊரடங்கு வந்து, ஓட்டல்கள் பார்சலுக்குத் திரும்பின. பதினோரு நாள். பந்திக்கென்று ஏழு பேரை அழைத்து, அட்வான்ஸ் கொடுத்து, ஸ்டாக் எடுத்தவருக்கு அது எடுக்கவே முடியாத பணம். பார்சல் மட்டும் நடத்தியவர் மறுநாள் காலை வழக்கம்போல இட்லி ஊற்றினார். ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஞாயிறுதோறும் முழு ஊரடங்கு இருந்தது. சனிக்கிழமை அரைத்த மாவு மிஞ்சினால் திங்கள் காலைக்கு ஆகாது. அரிசி, பருப்பு பத்து நாளுக்கு, காய் இரண்டு நாளுக்கு, மாவு ஒரு நாளுக்கு என்பதற்கு மேல் கையிருப்பு வைக்க வேண்டாம். 2021 மே 10 அன்று மறுபடி முழு ஊரடங்கு வந்தபோதும் பார்சலுக்குத்தான் அனுமதி இருந்தது. பாதி இருக்கை ஜூலை 5 அன்றுதான் திரும்பியது.

ஆகவே இப்படி ஒரு ஊரடங்கு மறுபடி வந்தால், 40 இருக்கைக் கடைக்கு எங்கள் பரிந்துரை: சுற்றுவட்டாரத்தில் ஆள் இருந்தால் பார்சலில் தொடங்குங்கள். நாள்கணக்கில் மூடிக் கிடந்த அடுப்படியை முதல் நாளே வியாபாரத்துக்கு எடுக்காதீர்கள். கேஸ் டியூப்பை எலி கடித்திருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டே அடுப்பை ஏற்றுங்கள். மேல்தொட்டித் தண்ணீரை முழுக்க வடித்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, எல்லாக் குழாயையும் திறந்துவிடுங்கள். உடைத்து வைத்த எண்ணெய் டின் காறியிருக்கும், ரவையில் வண்டு இருக்கும், அவற்றைக் கழித்துவிடுங்கள். ஒரு நாள் ஆட்களுக்கு மட்டும் சமைத்துப் பாருங்கள். கிரைண்டர் பெல்ட் தளர்ந்ததும், ஃப்ரிட்ஜ் குளிராததும் அன்றே தெரிந்துவிடும்.

கல்லா பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். “உள்ளே உட்கார்ந்து சாப்பிடலாமா?” என்று கேட்டு, இல்லை என்றதும் எதுவும் வாங்காமல் திரும்பிப் போகிறவருக்கு ஒரு கோடு. பார்சல் வாங்கிப் போகிறவருக்குக் கோடு வேண்டாம். இரண்டு வாரம் எண்ணுங்கள். ஒரு நாளைக்கு 63 கோடு விழாதவரை நாற்காலிகளைக் கவிழ்த்தே வையுங்கள்.