மிதவை ஃபோராமினிஃபெராவை இனங்காண ஒரு ஸ்டீரியோ ஜூம் நுண்ணோக்கி: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

பெங்களூரு சிக்பேட்டைக்கு அருகில் ஆய்வகக் கருவிகள் விற்கும் ஒரு கடையில், கேமரா பொருத்தத் தனிக் குழல் உள்ள ஸ்டீரியோ ஜூம் நுண்ணோக்கி ஒன்றை எட்டு மாதங்களுக்கு முன் 42,000 ரூபாய்க்கு வாங்கினேன். கண்ணருகு வில்லை 10 மடங்கு, பொருளருகு வில்லை 0.7 முதல் 4.5 வரை, ஆக, 7 மடங்கிலிருந்து 45 மடங்கு வரை பெரிதாக்கும். செல்போன் பழுதுபார்ப்பவர்கள்தான் இதை அதிகம் வாங்குகிறார்கள் என்றார் கடைக்காரர். எனக்கோ, அந்தமானின் நீல் தீவிலிருந்து நண்பர் கொண்டுவந்த சேற்றுக்கல்லில் புதைந்திருக்கும் மிதவை ஃபோராமினிஃபெராவின் (கடலில் மிதந்து வாழும், சுண்ண ஓடுள்ள ஒருசெல் உயிரிகள்) ஓடுகளைச் சிற்றினம் வரை பிரித்தறிய வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு இது போதுமா என்பதை மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

கல்லை ஊறவைத்து, 63 மைக்ரான் சல்லடையில் கழுவி உலர்த்தி, 150 மைக்ரானுக்கு மேற்பட்டவற்றை மட்டும் கறுப்புத் தட்டில் தூவி, ஈரத் தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். வில்லைக்கும் தட்டுக்கும் இடையே ஏறத்தாழ 10 செ.மீ. இடைவெளி இருப்பதால் கை இடிக்காமல் வேலை நடக்கிறது. 0.2 மி.மீ. ஓடு 45 மடங்கில் 9 மி.மீ. அளவுக்குத் தெரிகிறது, ஓட்டின் அறைகளை எண்ணவும், ஓடு வெளியே திறக்கும் வாய்த்துளை இருக்கும் இடத்தைப் பார்க்கவும் அது தாராளம்.

இக்கருவியின் உண்மையான பலம் இரு கண்களாலும் பார்க்கும்போது கிடைக்கும் ஆழம். குளோபோரோட்டாலியா மெனார்டி, குளோபோரோட்டாலியா டியூமிடா என்ற இரு சிற்றினங்களையும் சுருள்பக்கமாகவோ (அறைகளின் சுருள் தெரியும் பக்கம்) தொப்புள்பக்கமாகவோ (அதற்கு எதிர்ப்பக்கம்) மட்டும் பார்த்தால் புதியவர் எளிதில் குழம்பிவிடுவார். இரண்டுக்குமே விளிம்பில் வரப்பு ஓடுகிறது. ஓட்டைப் பிசினில் ஓரமாக ஊன்றி நிறுத்தினால்தான் வேறுபாடு தெளிவாகிறது. மெனார்டி ஆப்பத்தைப்போல் மெலிந்திருக்கும். டியூமிடா இட்லியைப்போல் இரு பக்கமும் உப்பித் தடித்திருக்கும். டியூமிடா என்ற லத்தீன் சொல்லுக்கே வீங்கியது என்றுதான் பொருள். டியூமிடா முதலில் தோன்றியது ஏறத்தாழ 55 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்பதால், அது இருக்கும் அடுக்கை அதற்கு முற்பட்டது என்று சொல்ல முடியாது. ஒரே ஓட்டைப் புரட்டிப் பார்த்துக் கல்லின் வயதுக்கு ஓர் எல்லை குறித்த அந்த இரவில், கருவிக்குக் கொடுத்த பணம் வீண்போகவில்லை என்று எனக்கு உறுதிப்பட்டது.

குறை ஒளியில் இருக்கிறது. கருவியோடு தரப்படும் எல்.இ.டி. ஒளிவளையம் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே சீராக ஒளியைப் பாய்ச்சுவதால், வெண்ணிறச் சுண்ண ஓட்டில் நிழலே விழுவதில்லை. ஸ்பீராய்டினெல்லா டெஹிஸ்கன்ஸை அதன் மூதாதையான ஸ்பீராய்டினெல்லாப்சிஸிலிருந்து பிரிப்பது சுருள்பக்கத்தில் உள்ள கூடுதல் வாய்த்துளைதான். கண்ணாடிபோல் மினுங்கும் மேற்பூச்சின் நடுவே அந்தத் துளை பெரும்பாலும் ஒரு சிறு பிளவாகவே இருக்கும். ஒளிவளையத்தில் அதை நான் மூன்று முறை தவறவிட்டு, மூன்று ஓடுகளையும் தவறான பேரினத்தில் சேர்த்திருந்தேன். பிறகு எஸ்.பி. ரோட்டில் வளையும் கழுத்துள்ள விளக்கொன்றை வாங்கி, ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாக ஒளி விழும்படி வைத்தபோது, பிளவு கரிய கோடாக எழுந்து நின்றது. பச்சை உணவுச் சாயத்தை நீர்த்து ஓட்டின்மேல் ஒரு துளி தடவினால், தையல் கோடுகளும் (அறைகள் ஒன்றோடொன்று சேரும் கோடுகள்) துளைகளும் இன்னும் துலக்கமாகத் தெரியும். இத்துறையினர் நெடுங்காலமாகச் செய்துவரும் முறை இது.

கேமராக் குழலைத் திறக்கும் குமிழை இழுத்தால் ஒரு கண்ணுக்குச் செல்லும் ஒளி நின்றுவிடுகிறது. படமெடுத்துக்கொண்டே ஓட்டைத் திருப்ப இயலாது. வாங்கும்போது இதை யாரும் சொல்லவில்லை.

எல்லையையும் சொல்லியாக வேண்டும். இன்றைய வகைப்பாடு ஓட்டுச் சுவரின் நுண்ணமைப்பைப் பெரிதும் சார்ந்திருக்கிறது: முட்கள் இருந்த அடையாளம் உண்டா, துளைகள் எவ்வளவு பெரியவை என்பவைதான் முதல் கேள்விகள். நுண்துளை வகைகளில் துளை 1 மைக்ரானுக்கும் குறைவு. அதை இந்த நுண்ணோக்கி காட்டாது, எலெக்ட்ரான் நுண்ணோக்கிதான் காட்டும். எனினும் எல்லாவற்றுக்கும் அங்கே ஓட வேண்டியதில்லை. 2015இல் ட்ரைலோபாட்டஸ் என்னும் பேரினத்துக்கு மாற்றப்பட்ட சாக்குலிஃபரையும், குளோபிஜெரினாய்டிஸிலேயே தொடரும் ரூபரையும் இதிலேயே பிரிக்கிறேன். ரூபரில் முதன்மை வாய்த்துளை முந்தைய இரண்டு அறைகள் சேரும் தையலுக்கு நேர்மேலே அமைந்திருக்கும். சாக்குலிஃபரில் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். ஆனால் 150 மைக்ரானுக்குக் கீழுள்ள சிறு ஓடுகளுக்கு நான் இதை வைத்துப் பெயர் சூட்டுவதில்லை, பேரினத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நிலவியல் மாணவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஒளிவளையமும் கேமராக் குழலும் இல்லாத வடிவம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மிச்சமாகும் பணத்தில் வளைகழுத்து விளக்கும் நல்ல 63 மைக்ரான் பித்தளைச் சல்லடையும் வாங்கிவிடுங்கள்.