கதவு பூட்டியிருந்தாலும் போகலாம்

வட இத்தாலியின் ட்ரெண்டினோ மலைநாட்டில், ரெண்டேனா பள்ளத்தாக்கில் இருக்கிறது பின்ட்சோலோ. ட்ரெண்டோ நகரிலிருந்து பஸ். மலை வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தோம். ஊரின் வட கோடியில், கல்லறைத் தோட்டத்துக்குள் நிற்கிறது சான் விஜிலியோ தேவாலயம். கதவு பூட்டியிருந்தது. அன்று திறந்திருக்கும் என்று நாங்கள் தங்கிய விடுதியில் அடித்துச் சொல்லியிருந்தார்கள். என் கணவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்.

நல்ல வேளையாக, பார்க்க வந்தது உள்ளே இல்லை. தெற்குப் புறச்சுவரில், இறவாரத்துக்கு அடியில் 20 மீட்டருக்கும் மேல் நீளமாக ஓடுகிறது: 1539இல் சிமோனே பாஸ்கெனிஸ் தீட்டிய 'மரண நடனம்' என்னும் சுவரோவியம். டிக்கெட் இல்லை, வரிசை இல்லை.

இடப்பக்கம் மூன்று எலும்புக்கூடுகள் வாத்தியம் வாசிக்கின்றன. அவற்றில் கிரீடம் சூடி உட்கார்ந்திருப்பதுதான் மரணம்; நானே எல்லோருக்கும் தலைவி என்று பழைய இத்தாலிய வரியில் அறிவித்துக்கொள்கிறது. அடுத்து சிலுவையில் இயேசு. பிறகு போப்பாண்டவரில் தொடங்கி அரசர், பிச்சைக்காரர், கன்னியாஸ்திரீ, குழந்தை வரை ஆளுக்கொரு எலும்புக்கூடு துணைவர, 18 ஜோடிகள் ஊர்வலம் போகிறார்கள்.

முப்பது ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். மருத்துவர் எங்கே என்றுதான் முதலில் தேடினேன். இருக்கிறார், மற்றவர்களைப் போலவே வரிசையில். படித்தவர் என்று அவருக்குச் சலுகை எதுவும் காட்டவில்லை. கஞ்சனிடம், உனக்குப் பதிலாக மரணம் காசு வாங்காது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். வலக்கோடியில் மரணம் வெள்ளைக் குதிரை ஏறி அம்பு எய்கிறது. நம் ஊர் எமனுக்கு எருமை, இவர்களுக்குக் குதிரை. வேகம் கூடுதல்தான்.

ஓவியம் அபாரமா என்றால், இல்லை. அதே ஆண்டுகளில் ரோமில் மைக்கேலாஞ்சலோ சிஸ்டைன் சிற்றாலயத்தில் 'இறுதித் தீர்ப்பு' வரைந்துகொண்டிருந்தார். பாஸ்கெனிஸோ பெர்கமோ மலைப்பக்கத்து அவெராராவிலிருந்து கிளம்பி, ஊர் ஊராகப் போய்ச் சுவர் வரைந்த குடும்பத்தில் வந்தவர். மனிதர்களின் முகங்கள் மரப்பாச்சி போல இருக்கின்றன. ஆனால் அந்த எலும்புக்கூடுகளைப் பாருங்கள்: முழங்காலை மடக்கி, கழுத்தைச் சாய்த்து, பல்லைக் காட்டிக்கொண்டு என்ன உற்சாகம்! உயிருள்ளவர்கள்தான் பிணம்போல நடக்கிறார்கள். அவர் வேண்டுமென்றே செய்தார் என்று நான் நம்புகிறேன்; கணவர் நம்பவில்லை.

ஓவியம் உயரத்தில் இருப்பதால் தொலைநோக்கி இல்லாமல் போகாதீர்கள். எழுத்துகளும் அடிவரிசையில் உள்ள ஏழு பெரும்பாவங்களும் வெறுங்கண்ணுக்கு எட்டவில்லை, கழுத்து வலித்ததுதான் மிச்சம். கல்லறைகளுக்குப் பூ வைக்க ஊர்க்காரர்கள் வந்துபோகிறார்கள், குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். ஊருக்குள் சாணை பிடிப்பவருக்கு ஒரு சிலையும் இருக்கிறது. பிழைப்புக்காக இங்கிருந்து நாடு நாடாகப் போனவர்கள் அவர்கள்.

பக்கத்து ஊரான கரிசோலோவில், பாறைமேல் இருக்கும் சாந்தோ ஸ்தெஃபானோ தேவாலயத்திலும் இதே ஓவியர் 1519இல் இன்னொரு மரண நடனம் வரைந்திருக்கிறார். உள்ளே சார்லமேன் பேரரசரின் வருகையைக் காட்டும் ஓவியமும் உண்டு. ஏற்றம் என்றதும் கணவர் காபிக் கடையில் உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் ஏறினேன். அங்கேயும் கதவு பூட்டித்தான் இருந்தது.