தலைவலி கிளினிக்கில் மல்லிகை ஸ்பிரே

ஐந்துக்கு மூன்றரை. டாக்டருக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்தையும் கொடுத்துவிடுவேன். மீதி ஒன்றரையைத் தின்றது அவருடைய வரவேற்பறை.

கிளினிக் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அடுத்த முறையும் அங்கேதான் போய் உட்கார வேண்டும். பாண்டியில் இருக்கிறது, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். நரம்பியல் டாக்டர், வாரத்தில் இரண்டு சாயங்காலம் தலைவலிக்காரர்களை மட்டும் பார்க்கிறார். கட்டணம் 700 ரூபாய்.

நான் கடலூர், திருப்பாப்புலியூர். கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்து கொடுக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வயது 43, என் தலைவலிக்கு இருபதுக்கு மேல் இருக்கும். அதற்கு இத்தனை நாளும் வீட்டில் வைத்திருந்த பெயர் சைனஸ். நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தேன், சுக்குப் பற்றுப் போட்டேன், தைல பாட்டில் இல்லாத கைப்பை என்னிடம் கிடையாது. ஒரு இடத்தில் மூக்குக்கு எக்ஸ்ரே எடுத்து, "லேசா இருக்கு" என்று சொல்லி மூன்று மாதத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். என்ன லேசாக இருந்தது என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. கடைசியில் தெருமுனை மெடிக்கல்தான் என் டாக்டர். நான் படியேறும்போதே அந்தத் தம்பி அட்டையை எடுத்து மேலே வைத்துவிடுவார்.

கிளினிக்குக்குப் போக வைத்தது ஒரு இனிஷியல். ஆவணி முகூர்த்த நேரம். ஒரு பத்திரிகையைக் கடைசியாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மணமகன் அப்பாவின் பெயரில் முன்பாதியைக் காணவில்லை. அழிந்துவிட்டதோ என்று கர்சரை வைத்துப் பார்த்தால் எழுத்து இருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. அந்த இடத்தில் ஒரு மினுமினுப்பு. அது மெல்லப் பெரிதாகி, ரம்பப் பல் மாதிரி ஓரம் வைத்த பிறைபோல வலது பக்கமாக நகர்ந்தது. இருபது நிமிடத்தில் போய்விட்டது. அப்புறம் இடது நெற்றிப்பொட்டில் இடி ஆரம்பித்தது. நான் சரி என்று அனுப்பிய பத்திரிகையில் 'கோ' என்று இருக்க வேண்டியது 'கே' என்று அச்சாகி வந்தது. 400 பத்திரிகை, என் செலவில் மறுபடியும்.

ஜிப்மருக்குப் போ என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கோரிமேட்டில் இருக்கும் அந்தப் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குக் காலையிலேயே போய் நிற்க வேண்டும், முகூர்த்த மாதத்தில் கடையைப் பூட்ட முடியாது. அதனால் சாயங்காலத்தில் பார்க்கிற இந்த இடம்.

முதலில் வரவேற்பறையை முடித்துவிடுகிறேன். டோக்கன் 14. நாலரைக்கு வரச் சொன்னார்கள், உள்ளே போனபோது ஏழு தாண்டிவிட்டது. சுவரில் டிவி, அதில் மாமியாரும் மருமகளும் கத்திக்கொண்டிருக்கிறார்கள். தலைக்கு மேலே துடித்துக்கொண்டே எரியும் ஒரு டியூப்லைட். அரை மணிக்கு ஒருமுறை வரவேற்பில் இருக்கும் பெண் எழுந்து வந்து மல்லிகை ஸ்பிரே அடித்துவிட்டுப் போகிறார். வெளிச்சம், சத்தம், வாசனை மூன்றும் ஆகாதவர்கள் வந்து உட்காரும் அறை அது! துப்பட்டாவால் கண்ணை மூடிக்கொண்டு இருவர், வாசலில் வாந்தி எடுக்கப் பேசினோடு ஒருவர். அறையில் ஒருத்தர் மட்டும் உட்காரவே இல்லை, நடந்துகொண்டே இருந்தார். அவரிடம் அப்புறம் வருகிறேன்.

டாக்டர் அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். முதல் கேள்வியே என்னை மடக்கிவிட்டது.

"மாசத்துல தலைவலி இல்லாத நாள் எத்தனைம்மா?"

வலிக்கிற நாளைத்தான் கேட்பார் என்று நினைத்திருந்தேன். வலி இல்லாத நாள்? முழுசாகத் தலையை மறந்து இருந்த நாள்? விரலை மடக்கிப் பார்த்தேன், பத்துகூடத் தேறவில்லை. "சரி, மாத்திரை?" என்றார். காஃபீன் கலந்த வலி மாத்திரை, வாரத்துக்கு ஐந்து நாளாவது. அவர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

அதற்கப்புறம் இருபது நிமிடம் கேள்விகள்தான். வலிக்கும்போது மாடிப்படி ஏறினால் கூடுகிறதா, குமட்டுகிறதா, எத்தனை மணி நேரம் இருக்கிறது, அம்மாவுக்கு இருந்ததா. (இருந்தது. நெற்றியில் துணியை இறுகக் கட்டி இருட்டு அறையில் படுத்திருப்பாள், நாங்கள் திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போடுவோம்.) கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். மூளையில் அழுத்தம் இருந்தால் கண் நரம்பின் முனை வீங்கித் தெரியுமாம். முட்டியில் சுத்தியலால் தட்டினார், ரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு சொன்னார்: இது சைனஸ் இல்லை, மைக்ரேன். கூடவே இன்னொன்று, மாத்திரையால் வரும் தலைவலி.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வலிக்கும்போது மூக்கில் நீர் வடிகிறதே என்று கேட்டேன். மைக்ரேனிலும் வடியும், முகத்துக்கு வருகிற அதே நரம்பு கிளறிவிடுகிற வேலை அது என்றார். உண்மையான சைனஸ் தொற்று என்றால் கெட்டியாக மஞ்சளோ பச்சையோ சளி வரும், காய்ச்சல் இருக்கும், மூக்கடைத்து வாசனை தெரியாது, நோய் ஆறினால் வலியும் போய்விடும். இருபது வருஷம் மாதாமாதம் வந்துபோகாது. தனக்கு சைனஸ் தலைவலி என்று தானே முடிவு செய்துகொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது மைக்ரேன்தானாம். ஒரு பக்கம்தான் வலிக்க வேண்டும் என்றும் கட்டாயமில்லை. ஒற்றைத் தலைவலி என்று தமிழில் நாம் பெயர் வைத்துவிட்டதால், இரண்டு பக்கமும் வலிக்கிறவர்கள் இது நமக்கில்லை என்று இருந்துவிடுகிறார்கள். கணினியில் நான் பார்த்த பிறைக்குப் பெயர் ஆரா. மைக்ரேன்காரர்கள் எல்லாருக்கும் அது வருவதில்லை.

இரண்டாவது விஷயம்தான் என்னை உலுக்கியது. என்னுடையது மாதிரி கலவை மாத்திரையை மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை நிரந்தரமாக்கிவிடும். தனி பாரசிட்டமால் மாதிரி என்றால் கணக்கு 15 நாள். நான் வருஷக்கணக்காகப் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு மாத்திரையும் வட்டிக்கு வாங்கின கடன்.

ஸ்கேன் எடுக்க வேண்டாமா என்று நானேதான் கேட்டேன், பணத்தோடு போயிருந்தேன். வேண்டாம் என்றார். யாருக்கு வேண்டும் என்பதையும் சொன்னார். ஒரு நிமிடத்துக்குள் உச்சிக்கு ஏறுகிற, வாழ்க்கையில் வராத கடும் வலி. காய்ச்சலோடு கழுத்து விறைப்பு. கை கால் மரத்துப் பலமிழப்பது, பேச்சுக் குழறுவது. அடிபட்ட பிறகு வருவது. கர்ப்பத்தில் புதிதாக வருவது. இவர்கள் மெடிக்கலுக்கும் போகக் கூடாது, கிளினிக்குக்கும் காத்திருக்கக் கூடாது, நேரே பெரிய ஆஸ்பத்திரிதான். 50 வயதுக்கு மேல் முதன்முதலாகத் தலைவலி வந்து, நெற்றிப்பொட்டில் தொட்டால் வலித்து, மென்றால் தாடை வலித்தால் உடனே ரத்தப் பரிசோதனை வேண்டும், தள்ளிப்போட்டால் பார்வை போகலாம் என்றார்.

நடந்துகொண்டிருந்தவரைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. லாரி ஓட்டுகிறவர். வெளியே டீ குடிக்கும்போது பேசினோம். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்த மாதிரி வலது கண்ணுக்குப் பின்னால் கம்பியைச் செருகுமாம். கண் சிவந்து தண்ணீர் கொட்டும், ஒரு மணி நேரத்தில் நின்றுவிடும், மறுநாள் அதே நேரம். ஒரு மாதம் இப்படி, அப்புறம் வருஷம் முழுக்க ஒன்றுமில்லை. "பல்லுதான்னு சொல்லி ரெண்டு கடவாய்ப் பல்லப் புடுங்கிட்டாங்கம்மா" என்று வாயைத் திறந்து காட்டினார். இது கிளஸ்டர் தலைவலி. மைக்ரேன்காரர்களான எங்களுக்கு அசைந்தாலே வலி கூடும், அதனால் இருட்டில் சுருண்டு கிடப்போம். இவர்களால் ஓரிடத்தில் இருக்க முடியாது. இவருக்கு வலி மாத்திரை உபயோகமே இல்லை, வலி வரும்போது முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தால் கேட்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். சிலிண்டரைத் தேடிக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் வகை வேறு. "எனக்கும்தான் தலை வலிக்குது, நான் என்ன படுத்துக்கிட்டா இருக்கேன்?" என்று இருபது வருஷமாகக் கேட்டவர் அவர். அவருடையது டென்ஷன் தலைவலி. இரண்டு பக்கமும் ஈரத்துண்டை முறுக்கிக் கட்டின மாதிரி, துடிக்காது, குமட்டாது, வேலையைப் பார்க்கலாம், கழுத்தைப் பிடித்துவிட்டுத் தூங்கினால் போய்விடும். டாக்டர் இதைச் சொன்னபோது அவரும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். திரும்பி வருகையில் ரெட்டிச்சாவடி தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. அந்த 700 ரூபாயில் பாதி இதற்கே சரியாய்ப் போயிற்று.

வைத்தியத்துக்கு வருகிறேன். பழைய மாத்திரையை அன்றோடு நிறுத்தச் சொன்னார். முதல் பத்து நாள் வலி கூடும் என்றும் முன்கூட்டியே சொன்னார், கூடியது. நான்காம் நாள் மெடிக்கல் படிவரை போய்த் திரும்பி வந்தேன். வராமல் தடுக்கிற மாத்திரைக்கு முதலில் புரோப்ரனலால் யோசித்தவர், எனக்குச் சின்ன வயதிலிருந்து வீசிங் உண்டு என்றதும் அதை அடித்துவிட்டு, இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதினார். மெடிக்கல் தம்பி சீட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது மனசுக்குக் குடுக்கிறதாச்சே" என்று குரலைத் தாழ்த்தினார். குறைந்த அளவில் தலைவலிக்கும் பல காலமாகக் கொடுப்பதுதான். வாய் உலர்கிறது, காலையில் எழுந்திருக்கச் சிரமமாக இருக்கிறது. பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் என்று சொன்னது மிகச் சரி.

வலி வந்துவிட்டால் போட வேறு மாத்திரை, வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் கூடாது. வந்தவுடனே போட வேண்டும், கூடவே வாந்திக்கும் ஒன்று. மைக்ரேன் வந்தால் வயிறு மந்தப்பட்டுவிடும், தாமதமாகப் போடுகிற மாத்திரை இறங்காமல் அங்கேயே கிடக்கும். "தாங்க முடியாதபோது போட்டுக்கலாம்" என்று நான் காத்திருந்ததெல்லாம் வீண்.

இன்னொன்று, குறிப்பு எழுதச் சொன்னார். நான் தினசரி காலண்டர் தாளிலேயே எழுதினேன்: வலி எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டேன், என்ன மாத்திரை. அத்தை அந்தத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு சந்திராஷ்டமத்தோடு பொருத்திப் பார்த்தார். ஒரு நாள்தான் பொருந்தியது, அதையே ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். பொருந்தியவை வேறு: தூரமாவதற்கு முந்தின நாள், பத்திரிகைக் கட்டைக் கொடுத்துவிட்டு அப்பாடா என்று உட்காரும் நாள், புரட்டாசிச் சனிக்கிழமை விரதம், அப்புறம் தலைக்குக் குளிக்கிற வெள்ளிக்கிழமை. கடைசியைச் சொல்லக் கூச்சப்பட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. தலைக்குக் குளித்தால் மைக்ரேன் வருவதைப் பற்றி இந்திய டாக்டர்களே ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள் என்றார். இப்போது இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுத்தான் குளிக்கிறேன், சாம்பிராணியை விட்டுவிட்டேன். விரதத்தில் பாலும் பழமும் உண்டு. அத்தைக்கு வருத்தம்தான்.

முதல் மாதத் தாள்களில் 17 நாள் வலி. மூன்றாம் மாதம் 6.

மற்ற குறைகள்: மறுமுறை வந்தாலும் முழுக் கட்டணம். போன் செய்தால் எடுக்க மாட்டார்கள். கீழே இருக்கும் அவர்கள் மருந்துக்கடையில் பத்து மாத்திரை கேட்டால் ஒரு மாதத்துக்கானதைக் கட்டிக் கொடுக்கிறார்கள், சீட்டைக் காட்டி எண்ணி வாங்குங்கள். டோக்கன் ஐந்துக்குள் கிடைக்காவிட்டால் வேறு நாள் போவது நல்லது. பிஸ்கட் பாக்கெட்டும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், பசியோடு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தால் இல்லாத தலைவலியும் வந்துவிடும். இடம் வேண்டுமென்றால் கடைக்கு வந்து கேளுங்கள், சொல்கிறேன்.

இரண்டாம் முறை போனபோது வரவேற்பில் இருந்த பெண்ணிடம் டிவியையும் ஸ்பிரேயையும் பற்றிச் சொன்னேன். "சொல்றேங்க்கா" என்றார். கார்த்திகையில் மூன்றாம் முறை போனபோது டிவி ஓடியது, சத்தம் இல்லை. டியூப்லைட்டை மாற்றியிருந்தார்கள். மல்லிகையும் இல்லை. இப்போது ரோஜா.