மீட்டரை வெளியே மாத்தித் தரேன்னு 2,850 வெள்ளியைச் சுருட்டிட்டான் – பினாங்குல இருக்கிறவங்க படிங்க

2,850 வெள்ளி. தொகையை முதல்லயே சொல்லிடறேன். மாமாவோட கண் ஆபரேஷனுக்குன்னு தனியா எடுத்து வெச்சிருந்த காசு அது. அதுல கையை வெச்சது நான்தான், அதனால திட்டறவங்க என்னையும் சேர்த்தே திட்டுங்க.

எங்க வீடு குளுகோர்ல ஒரு பழைய தெரேஸ் வீடு. கட்டினப்ப கரண்ட் மீட்டர் முன்வாசல் சுவத்துலதான் இருந்திருக்கு. அப்புறம் போர்ச்சை அடைச்சு, கிரில் போட்டு, சுவர் எழுப்பினதுல மீட்டர் ஹாலுக்குள்ள வந்துடுச்சு. இப்ப அது செருப்பு அலமாரிக்கு மேல தொங்குது. பகல்ல வீட்டுல மாமா மட்டும்தான். காது சரியா கேக்காது. மின்சாரக் கம்பெனி டி.என்.பி.யில இருந்து மீட்டர் பார்க்க வர்றவர் ஹார்ன் அடிச்சுட்டுப் போயிடுவார், பில்லு அங்காரான்ல, அதாவது குத்துமதிப்பா வரும். ரெண்டு மாசம் 90, 95ன்னு வரும். மூணாவது மாசம் யாராவது உள்ள விட்டுட்டா விட்டுப் போனதெல்லாம் சேர்ந்து 400 வெள்ளிக்கு மேல வந்து நிக்கும். ஸ்மார்ட் மீட்டர் போட்டா ஆளே வர வேண்டாம்னு கமெண்ட்ல எழுதாதீங்க. எங்க வரிசைக்கு அது இன்னும் வரல.

சரி, மீட்டரை வெளிச்சுவத்துக்கு மாத்திடலாம்னு முடிவு பண்ணேன். வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல வேலை, நான்தான் அலையணும். வாயர்மேன், பிளம்பர், ஏர்கோன் கழுவ ஆள்னு எல்லாத்துக்கும் ஆள் பிடிச்சுத் தர்ற ஒரு ஆப் இருக்கு. பேர் போடலை, போட்டா இந்தப் பதிவு நிக்காது. அதுல வந்து பார்க்க மட்டும் 50 வெள்ளி கட்டினேன். 'சரிபார்க்கப்பட்டவர்'னு பச்சை டிக், நாலே முக்கால் ஸ்டாரு.

சனிக்கிழமை காலையில வந்தான். நம்ம பையன், முப்பது வயசுக்குள்ள இருக்கும். செருப்பை வெளியே கழட்டிட்டு உள்ள வந்தான். மாமாவைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டான். மாமா யாரைப் பார்த்தாலும் கேக்கிற முதல் கேள்வி, "எந்த எஸ்டேட்டு தம்பி?" அவன் கொஞ்சமும் யோசிக்காம, "நிபோங் திபால் பக்கம் தாத்தா, எங்க ஆயா பால் மரம் வெட்டினவங்க"ன்னான். அவ்வளவுதான், மாமா கவுந்துட்டார். அவரோட அம்மாவும் பால் மரம் வெட்டினவங்க. அரை மணி நேரம் ரெண்டு பேரும் காண்டா வாளி, பெரட்டு, தோட்டத்துக் கோயில் திருவிழான்னு பேசிட்டு இருந்தாங்க. அவன் மாமா காதுக்கிட்ட குனிஞ்சு குனிஞ்சு சத்தமா பேசினான். பெத்த பிள்ளைங்களே அப்படிப் பொறுமையா பேசறதில்ல. நான் கோப்பி கலக்கிக்கிட்டே, காசு கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்ல, நல்ல பையன்னு நினைச்சேன். அந்த நினைப்புக்குத்தான் 2,850 வெள்ளி விலை.

பக்கத்து வீட்டு சீன அங்கிள் கேட் பக்கத்துல நின்னு பார்த்துட்டு, "டியா அடா லெசென் கா?", அவனுக்கு லைசென்ஸ் இருக்கான்னு கேட்டார். அவர் அந்தக் காலத்துல ஃபேக்டரியில எலெக்ட்ரிக்கல் வேலை பார்த்தவர். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? சிரிச்சுட்டு, "அடா, அடா", இருக்கு இருக்குன்னேன். லைசென்ஸ் இருக்கான்னு நான் அவன்கிட்ட கேக்கவே இல்ல.

"அக்கா, ஆப் வழியா கட்டினா ஆப்காரன் இருபது பர்சென்ட் வெட்டுவான். எனக்கு நேரா போட்டுடுங்க, அந்தக் காசுக்கு நல்ல கேபிளா வாங்கிப் போட்டுடறேன்"ன்னான். அங்கேயே டூயிட்நவ் பேங்க் டிரான்ஸ்ஃபர்ல 1,200 போட்டேன். கணக்கு ஒரு பொம்பளை பேர்ல இருந்துச்சு. கேட்டேன். "தங்கச்சி பேரு அக்கா, என் கார்டு பிளாக் ஆயிடுச்சு."

புதன்கிழமை ஒரு ஆளோட வந்தான். வெளிச்சுவத்துல ஒரு காலிப் பெட்டியை மாட்டினான். ஹால் சுவத்துல முஷ்டி உள்ள போற அளவுக்குத் துளை போட்டான், பைப் சொருகினான். பெட்டி நாலு ஸ்க்ரூவுல நிக்குது, அதுல ரெண்டு வெறும் பூச்சுலதான் இறங்கியிருக்குன்னு அப்புறம் அங்கிள் தட்டிப் பார்த்துச் சொன்னார். அதோட விட்டிருந்தாலாவது பரவாயில்ல. "உள்ள கேபிள் சைஸ் பார்க்கணும் அக்கா"ன்னு சொல்லிக்கிட்டே கட்டரை எடுத்து மீட்டர் சீலை வெட்டிட்டான். நான் பக்கத்துலயே நின்னேன். எனக்கு அது ஒரு துண்டுக் கம்பி, அவ்வளவுதான். சட்டம் அதை அப்படிப் பார்க்காதுன்னு எனக்கு அப்பத் தெரியல.

அதுக்கப்புறம், "மீதி வேலை டி.என்.பி. ஆளுங்க வந்து செய்யணும். ஃபீஸ் 1,600. கவுண்டர் நாலு மணிக்கு மூடிடும், இப்பவே போடுங்க, நான் நேரா போய்க் கட்டிடறேன்"ன்னான். மணி அப்ப மூணே கால். நான் ஆபீஸ்ல ஒரு மணி நேரம் லீவு சொல்லிட்டு வந்தவ, அவசரத்துல போட்டேன். 50, 1,200, 1,600. மொத்தம் 2,850 வெள்ளி.

அப்புறம் பன்னிரண்டு நாள் நாடகம். பினாங்கு பாலத்துல டயர் வெடிச்சுடுச்சு. அம்மாவை சுங்கை பட்டாணியில ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. டி.என்.பி. சிஸ்டம் டவுன். ஆளு சாபா போயிட்டாரு. ஒவ்வொண்ணுக்கும் கைகூப்பற இமோஜி வேற. அம்மா ஆஸ்பத்திரின்னதும் நான் முட்டாள் மாதிரி, "பார்த்துக்கோ தம்பி, வேலை மெதுவா நடக்கட்டும்"னு எழுதியிருக்கேன். இப்ப அந்த மெசேஜைப் படிச்சா என்னையே அறையணும் போல இருக்கு. பதிமூணாம் நாள் மெசேஜுக்கு ஒத்தை டிக்தான். புரொஃபைல்ல இருந்த முருகன் படமும் காணோம்.

ஆப்காரன்கிட்ட போனேன். முதல்ல ரோபோ. அப்புறம் ஒரு பொண்ணு: "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், 24 மணி நேரத்தில் பதில் வரும்." 24 மணி நேரம் கழிச்சு வேற ஒருத்தர், மறுபடி முதல்ல இருந்து கதையைச் சொல்லச் சொன்னார். மூணாவது ஆள் முடிச்சே விட்டார்: பணம் ஆப்புக்கு வெளியே போனதால அவங்களுக்குச் சம்பந்தமில்லையாம். பச்சை டிக் என்னத்துக்குன்னு கேட்டேன். அது ஐசியை (அடையாளக் கார்டை) சரிபார்த்ததுக்காம், வேலை தெரியுமான்னு பார்த்ததுக்கு இல்லையாம். அப்ப அந்த ஐசியைக் குடுங்க, போலீஸ்ல குடுக்கறேன்னேன். தனிப்பட்ட தகவலாம், தர முடியாதாம்! பெரிய மனசு பண்ணி 50 வெள்ளிக்கு வவுச்சர் குடுத்தாங்க. அதே ஆப்ல அடுத்த வாயர்மேனைக் கூப்பிட!

வியாழக்கிழமை மாமாவோட பில்லை எடுத்துக்கிட்டு டி.என்.பி.யோட கெடாய் தெனாகா ஆபீசுக்கே போனேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு கணக்கு எண்ணைத் தட்டிப் பார்த்தா. விண்ணப்பமே இல்ல. 1,600ம் இல்ல, ஒரு காசும் இல்ல. அந்தப் பொண்ணுதான் பொறுமையா விளக்கினா. மீட்டர் வரைக்கும் வர்ற லைன், கட்டவுட்னு சொல்ற ஃபியூஸ், மீட்டர், சீல் எல்லாம் டி.என்.பி. சொத்து. மீட்டருக்கு அப்புறம் உள்ள மெயின் சுவிட்ச், வயரிங் நம்மளோடது. மீட்டரை நகர்த்தினா ரெண்டு பக்கமும் கை வைக்கணும். நம்ம பக்கத்து வேலையைச் சுருஹான்ஜாயா தெனாகாவுல, அதாவது எரிசக்தி ஆணையத்துல பதிஞ்ச காண்டிராக்டர்தான் செய்யணும், விண்ணப்பமும் அவர் வழியாத்தான் போகணும். வேலை முடிஞ்சதும் சோதிச்சுப் பார்த்து போராங் ஜி, போராங் எச்னு ரெண்டு சான்றிதழ் பாரம் குடுக்கணும். சீலைத் திறக்கிறதும் மறுபடி போடறதும் டி.என்.பி. ஆள் மட்டும்தான். பாருங்க, இதுல எந்த இடத்துலயும் யாரோட தங்கச்சி கணக்கும் வரல.

சீல் வெட்டுப்பட்டதை நானே சொன்னேன். அந்தப் பொண்ணு முகம் மாறிடுச்சு. மீட்டரைச் சேதப்படுத்தறது 1990ஆம் வருஷத்து மின்சார விநியோகச் சட்டப்படி குத்தம். கணக்கு மாமா பேர்ல இருக்கு. எழுபத்தெட்டு வயசு மனுஷன், ஒரு மாசம் பில்லு தவறினதில்ல. வாழ்க்கையில முதல் தடவையா அவர் பேர் இப்படி ஒரு காரியத்துல வந்து நிக்குது. நான் குடுத்திருந்த போலீஸ் ரிப்போர்ட்டோட நகலை வாங்கிக்கிட்டாங்க, ஆய்வுக்கு ஆள் வருவாங்கன்னு சொல்லியிருக்காங்க. என்ன ஆகுமோ தெரியல. மாமாகிட்ட சீல் விஷயத்தை இன்னும் சொல்லல. நேத்துக்கூட, "அந்தத் தம்பி எப்ப வரும்?"னு கேட்டார்.

பண மோசடிக்குப் புகார் குடுக்கிற 997க்கும் அடிச்சேன். காசு போய் இவ்வளவு நாள் கழிச்சு அடிச்சா அவங்க எதைத் தடுப்பாங்க? மோசடிக் கணக்கான்னு பார்க்கிற போலீசோட செமாக் மியூல் தளத்துல அந்தத் 'தங்கச்சி' கணக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தேன். ஏற்கெனவே புகார் இருக்கு. 1,200 போடறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் செலவழிச்சிருந்தா போதும்.

என்னென்ன செய்யணும்னு விவரமா ஒரு பட்டியல் போடணும்னுதான் உக்காந்தேன். தெம்பு இல்ல. காண்டிராக்டர் பேரைச் சுருஹான்ஜாயா தெனாகாவுல தேடிப் பாருங்க. கணக்கு எண்ணைச் செமாக் மியூல்ல போட்டுப் பாருங்க. டி.என்.பி. பேரைச் சொல்லி யாராவது தன் கணக்குக்குக் காசு கேட்டா, கதவைச் சாத்துங்க. சீல் மேல எவன் கையும் படக் கூடாது. ஏமாந்துட்டா அந்த நிமிஷமே 997.

திங்கக்கிழமை மஸ்ஜித் நெகிரி ரோட்டுல இருக்கிற பயனீட்டாளர் சங்கத்துக்குப் போறேன். பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல வழக்குப் போட 5 வெள்ளிதான், 50,000 வரைக்கும் கேக்கலாம். ஆனா எதிராளியோட பேரும் விலாசமும் வேணும். என்கிட்ட இருக்கிறது ஒரு செல்லப் பேரும் செத்துப்போன நம்பரும்தான். அதனால அந்த ஆப் கம்பெனி மேலயே போடலாமான்னு கேக்கப் போறேன். இங்க யாராவது அப்படிப் போட்டு 2,850 இல்லாட்டியும் பாதியாவது வாங்கியிருந்தா சொல்லுங்க.

மழை பிடிச்சிருச்சு. பெட்டி மூடி சுவத்துல அடிச்சுக்கிட்டே இருக்கு, அந்தத் துளை வழியா ஹாலுக்குத் தண்ணி வருது. துணி வெச்சு அடைச்சுட்டு வரேன்.