சொரசொர முழங்கைக்கு எது: ஏலாதியா, வெட்பாலையா, நூறு தடவை கழுவிய நெய்யா?

மார்கழி பிறந்தால் போதும், என் இரண்டு முழங்கையும் முழங்காலுக்குக் கீழே எலும்போரமும் சாம்பல் பூத்து, தடவினால் உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். கோவையின் பனிக்காற்று ஒரு பக்கம், எங்கள் வீட்டு போர் தண்ணீர் ஒரு பக்கம், போதாததற்குக் கொதிக்கக் கொதிக்கக் குளிக்கிற என் பழக்கம். தோல் டாக்டர் பார்த்துவிட்டு, படர்தாமரையும் இல்லை, காளாஞ்சகப்படையும் (சொரியாசிஸ்) இல்லை, வெறும் வறட்சிதான், எதையாவது விடாமல் தடவுங்கள் என்று அனுப்பிவிட்டார். அந்த ‘எதையாவது’ ஆயுர்வேதத்தில் எது என்று முடிவுசெய்யத்தான் இரண்டு குளிர்காலம் ஆனது.

முதலில் வாங்கியது ஏலாதி கேர தைலம். கேரளத்து மருந்துக்கடை எதில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். அஷ்டாங்க ஹிருதயம் என்கிற ஆயுர்வேத நூல் சொல்கிற ஏலாதி கணத்து (ஏலக்காயில் தொடங்கும் மூலிகைத் தொகுப்பு) சரக்குகளைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சியது, ஏலக்காய் லவங்க வாசனையோடு மூக்குக்கு நன்றாகவே இருக்கும். அரிப்பு நாலைந்து நாளில் அடங்கியது. அதன் தம்பி நால்பாமராதித் தைலத்தில் ஆல், அரசு, அத்தி, இத்திப் பட்டையோடு மஞ்சளும் சேரும், வெள்ளைச் சட்டைக்காரர்கள் யோசித்துக்கொள்ளவும்.

வெட்பாலைத் தைலம் நியாயமாகப் பார்த்தால் நம் சித்த மருத்துவத்துச் சொத்து, ஆயுர்வேதப் பட்டியலில் சேர்த்ததற்கு யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். இலையைக் கையால் கிள்ளி, தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டு வெயிலில் வைத்தால் பச்சை இலையிலிருந்து ஊதா நிறம் இறங்கும், பார்க்கவே அதிசயமாக இருக்கும். (கர்நாடகத்துச் சென்னபட்டணா ஊரின் மரப்பொம்மைகள் செய்வதும் இந்த மரத்தில்தான்.) என் அத்தை காளாஞ்சகப்படைக்கு இரண்டு வருடமாகத் தடவுகிறார். தடவிவிட்டுக் காலை வெயிலில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். செதில் உதிர்வது குறைந்தது என்கிறார், ஆனால் உள்ளுக்கும் மருந்து சாப்பிடுகிறார், எது வேலை செய்தது என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. நான் பத்து நாள்தான் போட்டேன். தலையணை உறையிலும் பனியன் கையிலும் நாவல்பழக் கறை. செதில் செதிலாகத் தடித்துப்போன தோலுக்கு இது எப்படி என்பதை என் அனுபவத்தை வைத்துப் பேச முடியாது.

கறையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு இரண்டு எண்ணெயும் ஒத்துவராததற்குக் காரணம் வேறு, அதைக் கண்டுபிடிக்க ஒரு குளிர்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. நான் இந்தத் தைலங்களைப் போட்ட முறை குளிப்பதற்கு முன்னால் தேய்த்து, அரைமணியோ முக்கால் மணியோ ஊறி, பிறகு குளிப்பது. பாசிப்பயறு மாவு போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் குளிக்கிறவருக்கு ஒரு மெல்லிய படலமாவது உடம்பில் மிஞ்சும். நான் என்ன செய்தேன்? ஆபீசுக்கு எண்ணெய் வாடையோடு போகக்கூடாதே என்று சோப்பை இரண்டு தடவை போட்டு, சுடுதண்ணீரில் அத்தனையையும் வழித்துச் சாக்கடைக்கு அனுப்பினேன். பதினோரு மணிக்கு முழங்கை பழையபடி சாம்பல். வறண்ட தோலுக்குத் தேவை, குளித்து முடித்ததும் அதில் கொஞ்சநேரம் நிற்கிற ஈரத்தைப் பறக்கவிடாமல் மூடி வைப்பது. ஆக, குளித்த பிறகு போட முடிகிறதா, போட்டால் சட்டைக்குள் நாள் முழுக்க இருக்க விடுகிறதா, இந்த ஒரு கேள்வியில்தான் எனக்கு எல்லாமே தீர்மானமானது. ஏலாதியைக் குளித்த பிறகு போட்டுப் பார்த்தேன், கோப்புகளில் எல்லாம் கைரேகை.

அப்படித்தான் சததௌத கிருதத்துக்கு வந்து சேர்ந்தேன். சத என்றால் நூறு, தௌத என்றால் கழுவியது, கிருதம் நெய். பசுநெய்யைச் செம்புப் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு நூறு தடவை தேய்த்துக் கழுவுவது. ஆயிரம் தடவை கழுவுவதும் உண்டு, அந்தப் பொறுமை எனக்கு இல்லை. கடையிலும் கிடைக்கிறது, நான் வாங்கிய ஒரு டப்பா நூறு கழுவல் பார்த்த நெய் மாதிரி இல்லை, மணல் மணலாக இருந்தது. சரி, நாமே செய்வோம் என்று கால்கிலோ நெய்யோடு உட்கார்ந்தேன்.

செம்புத் தாம்பாளத்தில் நெய், அதில் ஒரு டம்ளர் தண்ணீர், சின்னச் செம்பின் அடியால் வட்டமாகத் தேய்ப்பு. எண்ணிக்கை தவறாமல் இருக்க நூறு புளியங்கொட்டை, ஒரு கழுவலுக்கு ஒன்று இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்கு. அம்மா எட்டிப் பார்த்து, “ஏங்கண்ணு, திங்கற நெய்யத் தண்ணியில கழுவிட்டிருக்க?” என்றார். முதல் பத்து தடவை தண்ணீரும் நெய்யும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லை. இருபதைத் தாண்டியதும் மஞ்சள் வெளுத்தது. நாற்பதுக்கு மேல் நெய் தண்ணீரைத் தனக்குள் இழுத்துக்கொண்டு வெண்ணெய் மாதிரி உப்ப ஆரம்பித்தது, நெய் வாசனையும் மங்கியது. இரண்டு சாயங்காலம் ஆனது, தோள்பட்டை வலி தனி. நடுவில் ராத்திரி அதைத் தாம்பாளத்திலேயே விட்டுவிடாதீர்கள், செம்பில் நெய் கிடந்தால் பச்சையாகக் களிம்பு ஏறும். தோலுக்குக் களிம்பு செய்யப்போய் அந்தக் களிம்பைப் பூசிக்கொள்வதா! நான் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றிவிட்டு, தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்து மறுநாள் தொடர்ந்தேன்.

கிடைத்தது பால்வெள்ளையில் ஒரு பசை. குளித்து, துண்டால் ஒற்றி, தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே ஒரு சுண்டைக்காய் அளவு தடவினால் இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறது, சட்டையில் பிசுபிசுப்பு இல்லை, கறையும் இல்லை. ராத்திரி படுக்கும்போது இன்னொரு தடவை. மூன்றாவது வாரம் முழங்கை வழவழப்பாகவில்லை என்றாலும் உப்புத்தாள் போய்விட்டது. அதே சமயத்தில் சுடுதண்ணீரைக் குறைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மொத்தப் பெயரையும் நெய்க்குக் கொடுக்க மனசு வரவில்லை.

ஆயுர்வேத நூல்படி பார்த்தால் இது எரிச்சலுக்கும் தீப்புண்ணுக்கும் சொன்ன குளிர்ச்சி மருந்து. வறட்சி வாதத்தின் வேலை, அதற்கு எண்ணெய் தேய்ப்பதுதான் முதல் வழி என்பது சரக சம்ஹிதையின் கட்சி. நான் கேட்ட வைத்தியரும் அதையே சொல்லி, “உங்களுக்கு ஒத்துப்போனால் போடுங்கள்” என்று முடித்தார். வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர், ஒரு மணிநேரம் ஊறிக் குளிக்க நேரம் இருக்கிறவர் என்றால் ஏலாதியே போதும், செம்போடு மல்லுக்கட்ட வேண்டாம். நெய்யில் தண்ணீர் கலந்திருப்பதால் சீக்கிரம் சிக்குவாடை வரும். பிரிட்ஜில் வைத்து, ஈரக்கை படாமல் கரண்டியால் எடுக்கிறேன், இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் எந்த பாட்டிலையும் நீட்டிப் பார்க்கவில்லை. வட்டமாக, ஓரம் தடித்துச் சிவந்து அரித்தால் இதில் எதையும் தடவாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், படர்தாமரையாக இருந்தால் நெய்யால் குணமாகாது.

குதிகால் வெடிப்பில்தான் நெய் தோற்றுப்போனது. அம்மாவுக்கு ஒரு வாரம் போட்டுவிட்டேன், நடந்து நடந்து தரையில்தான் ஒட்டியது. அவர் பழையபடி குங்கிலிய வெண்ணெய்க்கே போய்விட்டார். அதுவும் குங்கிலியம் என்கிற மரப்பிசினை எண்ணெயில் உருக்கி, தண்ணீர் விட்டுக் கடைந்து எடுப்பதுதான், ஆனால் அதைச் சித்த மருந்துக்கடைக்காரர் கடைந்து தருகிறார், நம் தோள் வலிக்காது.