லிண்ட்ஸ்போர்க்கா, பிஷப் ஹில்லா? அமெரிக்காவின் இரண்டு ஸ்வீடன் ஊர்கள்

ஸ்வீடன் வேரைப் பெருமையோடு பேணும் அமெரிக்கச் சிற்றூர்களில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால், எங்கள் பட்டியலில் கடைசிவரை நிற்பவை இரண்டு: கான்சாஸின் லிண்ட்ஸ்போர்க், இலினாயின் பிஷப் ஹில்.

பிஷப் ஹில் 1846இல் உருவானது. ஸ்வீடனின் அரசுத் திருச்சபையை எதிர்த்து வெளியேறிய எரிக் யான்சனின் கூட்டத்தார் இங்கே நிலம், உணவு, உழைப்பு எல்லாவற்றையும் பொதுவில் வைத்து வாழ்ந்தார்கள். அதனால்தான் நூறு பேருக்குச் சற்றே மேல் வாழும் ஊரில் அவ்வளவு பெரிய கட்டடங்கள். 1848இல் கட்டிய தேவாலயத்தின் மேல்மாடியில் வழிபாட்டுக் கூடம். கீழ்த்தளங்களில் குடும்பங்கள் தங்கிய அறைகள். 1850இல் யான்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1861இல் பொதுச்சொத்து பிரிக்கப்பட்டது. சிறுவனாக வந்து சேர்ந்த ஓலோஃப் க்ரான்ஸ் அந்த வாழ்க்கையைப் பிற்காலத்தில் நினைவிலிருந்து வரைந்தார். வரிசையாக நின்று மக்காச்சோளம் ஊன்றும் பெண்களின் ஓவியத்தை முதலில் பாருங்கள். பிறகு தேவாலயத்துக்குள் போனால் அந்த அறைகள் புரியும்.

லிண்ட்ஸ்போர்க்கின் கதை வேறு. 1869இல் ஓலோஃப் ஓல்சன் என்ற பாதிரியாரோடு ஸ்வீடனின் வெர்ம்லாந்து வட்டாரத்திலிருந்து வந்தவர்கள் லூத்தரன் சபையினர். 1881இல் பெத்தனி கல்லூரி. மறு ஆண்டே, இயேசுவைப் பற்றிய ஹாண்டலின் பெரும் இசைப்படைப்பான ‘மெசையா’. ஈஸ்டரை ஒட்டி அதை இன்றும் பாடுகிறார்கள். கல்லூரியில் கற்பித்த ஓவியர் பிர்கர் சாண்ட்சென் பெயரில் நல்ல கலைக்கூடமும் உண்டு. 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்கு ஸ்வீடன் அனுப்பிய மர மண்டபம் இப்போது ஆலை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பக்கத்திலேயே 1898ஆம் ஆண்டின் மாவு ஆலை. தெருவெங்கும் வண்ணம் தீட்டிய தாலா குதிரைகள், ஸ்வீடனின் அடையாளமான குதிரைப் பொம்மை வடிவங்கள். ஊருக்கு வடமேற்கே கொரோனாடோ குன்றில் ஏறினால் ஸ்மோக்கி பள்ளத்தாக்கு முழுதும் தெரியும். அந்தி நேரம் உத்தமம்.

திட்டம் கெடுவது பெரும்பாலும் நாட்காட்டியில்தான். லிண்ட்ஸ்போர்க்கின் பெரிய விழாவான ஹில்னிங்ஸ்ஃபெஸ்ட் ஒற்றைப்படை ஆண்டுகளின் அக்டோபரில் மட்டும். இரட்டைப்படை ஆண்டில் போனால் விழா இல்லை. அப்படியானால் ஜூன் மாத ஸ்வீடன் கோடை விழாவான மிட்சம்மரைப் பிடியுங்கள். பிஷப் ஹில்லுக்குச் செப்டம்பர் கடைசி வார இறுதியின் உழவு விழா சிறந்தது. டிசம்பரில் புனித லூசியாவின் பெயரிலான ஒளிவிழா, லூசியா இரவுகள். வார முதல் நாட்களைத் தவிர்க்கவும்: திங்கள், செவ்வாயில் பூட்டிய கதவுகளே அதிகம்.

ரயிலை நம்பி வருவோர் கவனிக்க: லிண்ட்ஸ்போர்க்குக்கு வசதியான நியூட்டன் நிலையத்தில் ரயில் நிற்பது நள்ளிரவுக்குப் பின். பிஷப் ஹில்லுக்குக் கேல்ஸ்பர்க் நிலையம். சிகாகோவிலிருந்து பகலிலேயே ரயில் உண்டு. இரண்டிலும் இறங்கிய பின் கார் வேண்டும்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை: ஸ்வீடன் இறைச்சி உருண்டையில் மாடும் பன்றியும் கலந்திருப்பது வழக்கம். பாலைத் திரித்துச் சுடும் ஊஸ்ட்காக்கா என்ற பலகாரத்தில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேரலாம். சைவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

குடியேறிகள் பட்ட பாட்டை அறிய வேண்டுமானால் பிஷப் ஹில்; ஒரு பகல் போதும், இரவுக்குக் கேல்ஸ்பர்க் திரும்பிவிடலாம். பாட்டு, ஓவியம், கைவினை எல்லாம் இன்றும் உயிரோடிருக்கும் ஊர் வேண்டுமானால் லிண்ட்ஸ்போர்க். இரண்டு நாள் ஒதுக்குங்கள். எங்கள் தேர்வு லிண்ட்ஸ்போர்க். ஈஸ்டர் வாரத்துக்கு அறையையும் ‘மெசையா’ டிக்கெட்டையும் சேர்த்தே முன்பதிவு செய்யுங்கள். நாலாயிரம் பேர்கூட இல்லாத ஊரில் விடுதிகள் சீக்கிரம் நிரம்பிவிடும்.