புது சப்மெர்சிபிள் மோட்டார் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள் (42,500 ரூபாய் போய்விட்டது)

நேற்று, கருகிய மோட்டாருக்குக் காயில் மாற்றிக் கட்டுகிற ரீவைண்டிங் கடையில் அந்த மோட்டாரைப் பிரித்ததைப் பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது. பல்லடம் பக்கம் எங்கள் தென்னந்தோப்புப் போருக்கு (ஆழ்துளைக் கிணறு) 42,500 ரூபாய் கொடுத்து வாங்கிய 3 எச்.பி. சப்மெர்சிபிள், அதாவது தண்ணீருக்குள் மூழ்கியே ஓடுகிற மோட்டார், ஒரு வாரம்கூட ஓடாமல் கருகிவிட்டது. கருகியதைக்கூட விடுங்கள், சொன்ன சரக்கு ஒன்றுகூட உள்ளே இல்லை.

கடைப் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. பம்பு, பைப்பு, கேபிள், ஸ்டார்ட்டர் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிற பெரிய டீலர் கடை. அது போதும்.

எங்கள் போர் 420 அடி. கோடையில் தண்ணீர் 290 அடியில் நிற்கும், மோட்டார் ஓடினால் இன்னும் இருபது அடி இறங்கும். பழைய மோட்டார் 360 அடியில் தொங்கி வருஷக்கணக்கில் இதே போரிலிருந்துதான் இறைத்தது. இதையெல்லாம் கடைக்காரரே ஒவ்வொன்றாகக் கேட்டார். போர் எத்தனை அடி, தண்ணீர் எங்கே நிற்கிறது, தொட்டி எவ்வளவு உயரம், பைப்பு என்ன சைஸ், எத்தனை மரம் என்று எல்லாவற்றையும் கேட்டு ஒரு தாளில் எழுதி, கால்குலேட்டரில் தட்டி, "உங்களுக்கு 100 மீட்டர் ஹெட் வேணுமுங்ணா, நாலு இஞ்ச் பம்பு, 20 ஸ்டேஜ், பியூர் காப்பர் வைண்டிங், கோயமுத்தூர் சரக்கு" என்றார். ஹெட் என்றால் தண்ணீரை எவ்வளவு உயரம் தள்ள வேண்டும் என்பது. ஸ்டேஜ் என்றால் பம்புக்குள் தண்ணீரைத் தள்ளுகிற ஒவ்வொரு அடுக்கு, அடுக்குக்கு ஓர் இம்பெல்லர் சக்கரம். கூட இருந்த சித்தப்பா 5 எச்.பி. விலை கேட்டதற்கு, "அவ்வளவு பெருசு எதுக்குங்க, காசை ஏன் வீணாக்கறீங்க" என்று தடுத்ததும் அவர்தான். விலை அதிகமான பொருளை வேண்டாம் என்று சொல்கிற வியாபாரியை யார் சந்தேகப்படுவார்கள்? அப்பாவைப் பார்த்து, "ஐயா, நானும் தோட்டத்துக்காரன் வூட்டுப் பையன்தானுங்க, தண்ணியில்லாம மரம் காயறதப் பாத்தவன், உங்களுக்குத் தப்பான பொருள் குடுப்பனுங்களா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அப்பா பணத்தை எடுத்து எண்ணி வைத்துவிட்டார். 42,500. தேங்காய் விற்று வைத்திருந்த பணம்.

மோட்டாரை இறக்கி ஸ்டார்ட்டரைப் போட்டால் ஓடுகிற சத்தம் இருக்கிறது, தண்ணீர் மட்டும் மேலே வரவில்லை. போன் செய்தால், "ஏர் புடிச்சிருக்கும், கொஞ்ச நேரம் ஓட்டுங்க." அப்புறம் "மூணு பேஸ்ல ஒண்ணு மாறியிருக்கும், ரிவர்ஸ்ல சுத்துது." எலக்ட்ரீஷியன் மாற்றிப் பார்த்தார், மாற்றமில்லை. அடுத்து வோல்டேஜ் கம்மி. அடுத்து, "உங்க போர்ல தண்ணியே இல்லீங்ணா." நூலில் கல் கட்டி இறக்கிப் பார்த்து, தண்ணீர் அதே 290 அடியில்தான் இருக்கிறது என்று சொன்னேன். "ஆளு அனுப்பறேன்" என்றார். யாரும் வரவில்லை. அதற்குள் மோட்டார் டிரிப் ஆகி நின்றுவிட்டது, மெகரில் (வைண்டிங் இன்சுலேஷனைச் சோதிக்கிற மீட்டர்) வைத்துப் பார்த்தால் காயில் போய்விட்டது.

மறுபடி ஆள் வைத்து மேலே தூக்கி, கடைக்கே கொண்டுபோனால், "கம்பெனிக்கு அனுப்பணும், ரெண்டு மாசம் ஆகும்." சித்திரை வெயிலில் ரெண்டு மாசம் தென்னைக்கு எதை ஊற்றுவது? ரீவைண்டிங் அண்ணனிடம் கொண்டுபோனோம். பம்பைக் கழற்றி இம்பெல்லர்களை வரிசையாகத் தரையில் அடுக்கினார். பன்னிரண்டு. 20 ஸ்டேஜ் என்று சொல்லி 12 ஸ்டேஜ் கொடுத்திருக்கிறார்கள். இந்த சைஸ் பம்பில் ஒரு ஸ்டேஜ் ஆறேழு மீட்டருக்குத்தான் தண்ணீரைத் தள்ளும், பன்னிரண்டும் சேர்ந்தாலும் 84 மீட்டர், அதாவது 275 அடி. எங்கள் தண்ணீரே 290 அடியில். பைப்புக்குள் தண்ணீர் ஏறி, மேலே எட்டாமல் உள்ளேயே நின்றிருக்கிறது. தண்ணீர் மோட்டார் உடம்பை உரசி ஓடினால்தான் அதன் சூடு ஆறும். ஓட்டமே இல்லாததால் சூடேறிக் கருகியிருக்கிறது. அப்புறம் வைண்டிங் வயரின் பிவிசி உறையைச் சீவிக் காட்டினார், உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம்! பியூர் காப்பராம்.

இதைப் படம் எடுத்து அனுப்பினால் என்ன பதில் தெரியுமா? "வெளியாளு பிரிச்சா வாரண்டி செல்லாதுங்க." அதோடு நம்பரை பிளாக் செய்துவிட்டார். அண்ணா, ஐயா எல்லாம் 42,500 ரூபாய் கைக்குப் போகிற வரைக்கும்தான். பில்லை எடுத்துப் பார்த்தால் 'மோட்டார் செட் 1' என்று மட்டும் இருக்கிறது, ஸ்டேஜும் இல்லை, வைண்டிங்கும் இல்லை. 1930களிலேயே மோட்டார் செய்து பேர் வாங்கிய ஊர் கோயமுத்தூர். அந்தப் பேரை ஸ்டிக்கரில் பெரிதாகப் போட்டு, செய்த கம்பெனியின் முகவரியை மட்டும் விட்டிருக்கிறார்கள்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. பில்லில் எச்.பி., ஸ்டேஜ், ஹெட், டிஸ்சார்ஜ் (எவ்வளவு தண்ணீர் தள்ளும் என்பது), காப்பர் எல்லாம் எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். 'மேக்ஸ் ஹெட்' என்று ஒரே ஒரு எண் மட்டும் போட்டிருந்தால் நம்பாதீர்கள், அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வெளியே வராது. உங்கள் ஹெட்டில் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் என்று சார்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேற்பக்கம் சப்மெர்சிபிள் பம்புசெட்டுக்கான தர எண் ஐ.எஸ். 8034 இருக்கிறதா பாருங்கள், முத்திரையோடு இருக்கிற லைசென்ஸ் எண்ணை, அந்த முத்திரையைக் கொடுக்கிற பி.ஐ.எஸ். அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டால் யாருக்குக் கொடுத்தது என்று வரும். ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

நான் அதில் பதிந்துவிட்டேன், பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பன்னிரண்டு இம்பெல்லரும் சீவிய வயரும் ஒரு சாக்கில் பத்திரமாக இருக்கின்றன.